ஈஸ்டர் திங்களன்று மேட்டிலிருந்து முட்டை உருட்டுவது எப்படி? வெங்காயத் தோல் சேர்ப்பதிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஈஸ்டருக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் வீட்டில் வெங்காயத் தோலைக் குப்பையில் போடுவதை நிறுத்திவிடுவோம். சமையலறை ஜன்னலோரம் ஒரு துணிப்பை தொங்கும். சாம்பாருக்கு உரித்த சின்ன வெங்காயத்தின் தோல், பிரியாணிக்கு நறுக்கிய பெரிய வெங்காயத்தின் சருகு எல்லாம் அதற்குள் போகும். அவித்த முட்டைக்குச் சாயம் ஏற்றத்தான் அது. அந்த முட்டையைப் புல்மேட்டிலிருந்து உருட்டிவிடுவது இங்கே ஈஸ்டர் விளையாட்டு. பை உப்பிவிட்டால் முட்டை உருட்டும் நாள் நெருங்கிவிட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில். பிரஸ்டன் நகரத்தில் ஏவன்ஹாம் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் புல்மேடு, கீழே ரிப்பிள் ஆறு. அந்த மேட்டில் 1867இலிருந்து ஈஸ்டர் திங்களன்று முட்டை உருட்டி வருவதாகச் சொல்வார்கள். இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வருகின்றன. ஆனால் கூடையைத் திறந்தால் பெரும்பாலும் சாக்லேட் முட்டைதான். அவித்த கோழி முட்டைக்குச் சாயம் ஏற்றிக் கொண்டுவருபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாக்லேட் முட்டையும் உருளும்தான். ஆனால் இந்த விளையாட்டின் சுவையே கோழி முட்டையின் கோணல் வடிவத்திலும், அதன் மெல்லிய ஓட்டிலும், முந்தின இரவு அடுப்பில் கொதித்த சாயத்திலும்தான் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த புதிதில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவரிடம் கற்றதையும், பிறகு நாங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், ஏன் முட்டை?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் இறைச்சியை விடும் வழக்கம் நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் இன்றும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் அந்த நாற்பது நாளும் முட்டைக்கும் தடை இருந்தது. மனிதர்கள் நோன்பிருந்தாலும் கோழிக்கு நோன்பு கிடையாது. அதோடு, வெளிச்சம் கூடக்கூடக் கோழி அதிகம் முட்டையிடும். குளிர்காலத்தில் ஏறக்குறைய ஓய்ந்திருந்த கோழிகள், பகல் நீளும் பிப்ரவரி, மார்ச்சில் சுறுசுறுப்பாகிவிடும். சாப்பிடக் கூடாத நாட்களில்தான் முட்டை குவியும். ஈஸ்டர் வந்ததும் குவிந்ததையெல்லாம் அவித்து, நிறமேற்றி, கொடுத்து, வாங்கி, விளையாடித் தீர்த்தார்கள். 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், தங்க இலை ஒட்டவும் வண்ணமேற்றவும் 450 முட்டைகள் வாங்கியதாக ஒரு பதிவு இருக்கிறது. செலவு 18 பென்ஸ்.

இயேசுவின் கல்லறை வாசலில் இருந்த கல் புரட்டப்பட்டதைத்தான் உருளும் முட்டை குறிக்கிறது என்று தேவாலயங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அழகான விளக்கம். என் எண்ணத்தில், வீடு நிறைய முட்டையும் வாசலில் ஒரு மேடும் இருந்த பிள்ளைகளுக்கு உருட்டிப் பார்க்க வேறு காரணம் தேவைப்பட்டிருக்காது. விளக்கம் பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம்.

வட இங்கிலாந்தில் இந்த முட்டைக்குப் பெயர் 'பேஸ் எக்'. பேஸ் என்பது பாஸ்கா, அதாவது ஈஸ்டர். நம் கிறிஸ்தவர்கள் சொல்லும் அதே பாஸ்காதான், இரண்டுக்கும் வேர் ஒன்று. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஊர்களில் பாஸ்கா என்றால் இயேசுவின் பாடுகளை மேடையில் நடித்துக் காட்டும் நாடகம். இங்கேயும் அந்தச் சொல்லோடு ஒரு நாடகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து யார்க்‌ஷயரில் ஹெப்டன்ஸ்டால் என்ற மலைக்கிராமத்தில் பெரிய வெள்ளியன்று 'பேஸ் எக்' நாடகம் போடுவார்கள். கதை முற்றிலும் வேறு. புனித ஜார்ஜ் வாள் சண்டை போடுவார், அடிபட்டுச் செத்து விழுபவனை ஒரு வைத்தியர் வந்து எழுப்புவார். செத்தவர் எழுவது மட்டும் இரண்டிலும் உண்டு.

நாளும் மேடும்

இங்கிலாந்தில் ஈஸ்டர் திங்கள் அரசு விடுமுறை, அதனால் உருட்டுவதும் அன்றுதான். ஸ்காட்லாந்தில் அது பொது விடுமுறையல்ல, அங்கே பல குடும்பங்கள் ஞாயிறன்றே உருட்டிவிடுகின்றன. ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். திருச்சபைக் கணக்குப்படி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு அது. ஆகவே மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. மார்ச்சில் வந்தால் புல் ஈரமாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் அவசியம்.

மேடு தேடும்போது எல்லோரும் முதலில் செய்யும் தவறு, செங்குத்தான இடத்தைப் பிடிப்பது. அங்கே முட்டை உருளாது, துள்ளும். இரண்டு துள்ளலில் ஓடு போய்விடும். பிள்ளை ஓடி இறங்கினாலும் விழாத அளவு சரிவு போதும். நீளம் இருபது முப்பது அடிவைப்பு இருந்தால் நல்லது. புல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கணுக்கால் உயரப் புல்லில் முட்டை நாலடி தாண்டாது. மேட்டின் அடியில் சமதளம் வேண்டும். அடியிலேயே சாலையோ தண்ணீரோ இருந்தால் வேண்டாம், முட்டையைத் துரத்தும் பிள்ளை எதையும் பார்க்காது. ஏவன்ஹாமில் ஆறு கீழேதான் ஓடுகிறது, ஆனால் சரிவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அகலமான புல்வெளி உண்டு.

அந்தப் பூங்காவுக்கே ஒரு கதை இருக்கிறது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடந்தன. வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுத்து, எட்வர்ட் மில்னர் என்பவரின் வடிவமைப்பில் உருவாக்கிய பூங்கா இது. பட்டினி கிடந்தவர்கள் சீர்படுத்திய சரிவில்தான் எங்கள் பிள்ளைகளின் முட்டைகள் ஓடுகின்றன.

வேறு இடங்களும் உண்டு. எடின்பரோவில் ஆர்தர்ஸ் சீட் மலை, டார்பியில் பங்கர்ஸ் ஹில், பென்ரித்தில் பழைய கோட்டையின் அகழிச் சரிவு ஆகியவை இதற்குப் பேர்போனவை. உங்கள் ஊரில் எங்கே என்று தெரியாவிட்டால் வயதானவர்களைக் கேளுங்கள். அனேகமாக ஒரு மேட்டைக் கைகாட்டுவார்கள்.

முட்டையைப் பொறுக்குவது

பெரிய முட்டை நல்லது என்று தோன்றும். அப்படியல்ல. கோழிக்கு வயதாக ஆக முட்டை பெரிதாகும், ஓடோ மெலிந்துகொண்டே போகும். இளங்கோழியின் நடுத்தர முட்டைதான் ஓடு கெட்டியானது. கடையில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது விரிசல் விட்ட முட்டை.

வடிவத்தில் இரண்டு வகையாக எடுங்கள். சில முட்டைகள் பந்துபோலக் கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும், சில நீண்டு ஒரு முனை கூராக இருக்கும். உருண்டை நேராக ஓடும், கூர்முட்டை வளைந்து ஓடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தலைக்கு மூன்று முட்டை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று பயிற்சிக்கு, ஒன்று போட்டிக்கு, ஒன்று உடைந்தால் அழும் பிள்ளைக்கு.

நிறம் உங்கள் விருப்பம். வெள்ளை ஓட்டில் எல்லாச் சாயமும் பளிச்சென்று ஏறும். பழுப்பு ஓட்டில் வெங்காயச் சாயம் இன்னும் ஆழமாக, பழைய தேக்கு மரம் மாதிரி வரும். எனக்குப் பிடித்தது அதுதான்.

சாயம்: இதற்கு நேரம் ஒதுக்குங்கள்

சனி மாலையோ ஞாயிறு மாலையோ இந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். கடையில் விற்கும் சாய மாத்திரை ஐந்து நிமிடத்தில் நிறம் கொடுத்துவிடும், அது உண்மைதான். ஆனால் வெங்காயத் தோலில் கட்டி அவித்த முட்டையை அவிழ்க்கும்போது உள்ளே என்ன வந்திருக்கிறது என்று யாருக்கும் முன்னதாகத் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே ஆவலோடு எட்டிப் பார்க்கும் நிமிடம் அது. அதை விட்டுவிடாதீர்கள்.

வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலில் குவர்சிட்டின் என்ற மஞ்சள் நிறப்பொருள் இருக்கிறது. வெந்நீரில் கரைந்து ஓட்டின் சுண்ணாம்பில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் வினிகர் சேர்த்தால் ஓட்டின் மேற்பரப்பை லேசாக அரித்து, சாயம் இன்னும் சீக்கிரம் ஏறும். ஈரத்தோல் வேண்டாம், சரசரக்கும் சருகுதான் வேண்டும்.

*எளிய முறை: சாயத் தண்ணீர்.* பன்னிரண்டு முட்டைக்குப் பன்னிரண்டு பதினைந்து பெரிய வெங்காயத்தின் சருகு போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம் வினிகரோடு சேர்ந்து நிறத்தைக் கெடுக்கும். தண்ணீர் அடர்ந்த செம்பழுப்பானதும் இறக்கி, ஆறவைத்து வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். முட்டைகளைக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வைத்திருங்கள். சில்லென்று இருக்கும் முட்டையைச் சூட்டில் போட்டால் அகன்ற முனையில் இருக்கும் காற்று சட்டென விரிந்து ஓடு வெடிக்கும். ஆறிய சாயத்தில் முட்டையை ஒரே அடுக்காகப் பரப்பி, மெல்லக் கொதி வரவிட்டு, தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு மஞ்சள் நிறமே போதுமென்றால் உடனே எடுத்துவிடலாம். ஆழ்ந்த நிறம் வேண்டுமென்றால் சூடு ஆறியதும் சாயத்தோடு அப்படியே குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் காலை எடுங்கள்.

*பாட்டி சொன்ன முறை: கட்டி அவிப்பது.* இதற்குப் பழைய பருத்தித் துணி வேண்டும். கிழிந்த வேட்டி கிடைத்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. இங்கே பழைய ஸ்டாக்கிங்கை வெட்டிப் பயன்படுத்துவார்கள். கைக்குட்டை அளவுக்குத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். வெங்காயத் தோலைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் உடையாமல் வளையும். துணியை விரித்து அதன்மேல் தோலை அடுக்குங்கள். முட்டையை நனைத்து, அதன் ஓட்டில் ஓர் இலையைப் படியப் படிய ஒட்டுங்கள். இலை மறைத்த இடத்தில் சாயம் ஏறாது, அதன் வடிவம் வெளிறி நிற்கும். இங்கே பெரணி இலை, பார்ஸ்லி வைப்பார்கள். நான் கொத்தமல்லி வைத்துப் பார்த்தேன், அதன் வெட்டு வெட்டான ஓரம் அச்சு அசலாக விழுந்தது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இந்தப் பருவத்தில் மேடெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் செடியின் பூவைப் போட்டு மஞ்சள் நிறம் எடுப்பது பழைய வழக்கம். ஆனால் தோட்டத்தில் கண்ணில் படும் எதையும் வைத்துவிடாதீர்கள். டாஃபடில் செடி முழுவதும் விஷம்.

இலை ஒட்டியதும், முட்டை வெளியே தெரியாதபடி தோலால் மூடி, துணியை இறுக்கிச் சுற்றி, நூலால் பல தடவை குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். இறுக்கம் முக்கியம். தளர்வாகக் கட்டினால் இலைக்கடியில் சாயம் ஊறிப் படம் கலங்கிவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதித்த பிறகு பதினைந்து நிமிடம் அவியுங்கள். துணி சுற்றியிருப்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். அந்தத் துணியே முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமலும் காக்கும். நன்றாக ஆறிய பிறகு கத்தரிக்கோலால் நூலை வெட்டி அவிழுங்கள். தோல் பட்ட இடம் செம்மண் நிறம், பட்டும் படாத இடம் தேன் நிறம், நடுவில் பளிங்குக் கோடுகள். இரண்டு முட்டை ஒரே மாதிரி வந்து நான் பார்த்ததில்லை.

வேறு நிறங்களும் சமையலறையிலேயே கிடைக்கும். மஞ்சள்தூள் மஞ்சளுக்கு, பீட்ரூட் ரோஸ் நிறத்துக்கு, சிவப்பு முட்டைக்கோஸை வேகவைத்த தண்ணீர் வெள்ளை ஓட்டில் நீலத்துக்கு. பீட்ரூட் நிறம் சீக்கிரம் மங்கும்.

பெயரெழுத இரண்டு வழி. சாயமேறிக் காய்ந்த முட்டையில் குண்டூசியால் மெதுவாகச் சுரண்டினால் அடியிலிருக்கும் ஓட்டின் நிறம் கோடாகத் தெரியும். அல்லது முதலில் அவித்துவிட்ட முட்டையில் மெழுகுவத்தியால் எழுதி, ஆறிய சாயத்தில் ஊறவைக்கலாம். சூடான சாயத்தில் போட்டால் மெழுகு உருகிப் பெயரும் போய்விடும். சுரண்டும் கலையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க விரும்பினால், கிராஸ்மியர் ஊரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டவ் காட்டேஜ் வீட்டை ஒட்டிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டுப் பேஸ் முட்டைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

கடைசியாக, துளி எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். மங்கலாக இருந்த முட்டை மெருகேறி நிற்கும்.

அவிந்ததா என்று பார்க்க

அரைவேக்காட்டு முட்டை மேட்டில் உடைந்தால் புல்லும் சட்டையும் நாசம். மேசைமேல் முட்டையைச் சுழற்றிவிட்டு, விரலால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி உடனே விரலை எடுங்கள். நன்றாக வெந்த முட்டை நின்றது நின்றதுதான். உள்ளே திரவமாக இருந்தால், ஓடு நின்றாலும் உள்ளிருப்பது சுழன்றுகொண்டே இருக்கும். விரலை எடுத்ததும் முட்டை மறுபடி சுற்றத் தொடங்கும்.

வெந்த முட்டைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இறுகிய வெள்ளைக்கரு ஓட்டுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது. விரிசல் விட்டாலும் சவ்வு ஓட்டைப் பிடித்துக்கொள்ளும், மேலும் இரண்டு மூன்று உருட்டலுக்குத் தாங்கும்.

உருட்டுவது

மேட்டுக்கு வந்தாயிற்று. எங்கள் முதல் வருடத்தில் ஒரு முட்டைகூட நேராக இறங்கவில்லை. எல்லாம் பாதி வழியில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் புதரில் நின்றன. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. பாட்டிதான் கீழே குனிந்து ஒரு முட்டையை எடுத்து, "கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அது போகும், கண்ணு" என்று சொன்னார். அவர் சொன்னது ஆங்கிலத்தில், எனக்குக் கேட்டது இப்படித்தான்.

டீக்கடைப் பேப்பர் கப்பைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, சின்ன வட்டமான அடிப்பக்கம் உள்ளே இருக்கும்படி வளைந்து திரும்பும். அகன்ற பக்கம் ஒரு சுற்றில் அதிக தூரம் கடக்கிறது, குறுகிய பக்கம் குறைந்த தூரம் கடக்கிறது, ஆகவே குறுகிய பக்கமாகத் திரும்புகிறது. முட்டையும் அப்படித்தான். இது புரிந்துவிட்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

முட்டையைக் குறுக்குவாட்டில் படுக்க வையுங்கள். அதாவது இரண்டு முனைகளும் இடம் வலமாக இருக்க வேண்டும், மேல் கீழாக அல்ல. முனை கீழே பார்த்தால் முட்டை உருளாமல் சறுக்கித் தடுமாறும். இப்போது கூர்முனை உங்கள் வலப்பக்கம் இருந்தால் முட்டை வலப்பக்கமாக வளையும். ஆகவே நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கத்திலிருந்து விடுங்கள். எவ்வளவு இடப்பக்கம் தள்ளி என்பதற்குத்தான் பயிற்சி முட்டை. அதே மேட்டில் அதே முட்டையை மூன்று தடவை விட்டுப் பார்த்தால் அதன் குணம் பிடிபட்டுவிடும். உருண்டை முட்டை வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் கூர்முட்டையின் வளைவைக் கணக்கிட்டு, நடுவிலிருக்கும் மேடு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கச் செய்பவரைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி.

எறியாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும். உள்ளங்கையைத் தரையோடு வைத்து முட்டையை விரல்கள்மேல் உருளவிட்டு வெளியே அனுப்புங்கள். வேகத்தைச் சரிவு கொடுக்கும். காலையில் புல் நனைந்திருந்தால் முட்டை மெதுவாகப் போகும், ஆனால் மண் மெத்தென்று இருப்பதால் ஓடு பிழைக்கும். மதியத்துக்குமேல் புல் காய்ந்தால் வேகம் கூடும், உடைவதும் கூடும். தூரப் போட்டியை மதியத்துக்கும், உடையாமல் தாங்கும் போட்டியைக் காலைக்கும் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

மேலே ஒருவர், கீழே ஒருவர் நில்லுங்கள். கீழே இருப்பவர் முட்டை நின்ற இடத்தில் குச்சி நட வேண்டும். இல்லாவிட்டால் எது யாருடையது, எது எங்கே நின்றது என்று சண்டை வரும். பென்சிலால் அடியில் எழுத்துப் போட்டு வையுங்கள்.

விதி ஊருக்கு ஊர் வேறு. அதிக தூரம் போன முட்டை வென்றது என்பது ஒன்று. அதிக தடவை உருட்டியும் உடையாத முட்டை வென்றது என்பது இன்னொன்று. இரண்டு முளைகளுக்கு நடுவே முட்டையை அனுப்புவது மூன்றாவது. உடையாமல் அடிவரை போன முட்டை, உருட்டியவருக்கு அந்த வருடம் நல்லது செய்யும் என்று வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒரு நம்பிக்கை உண்டு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டாவது விதியை வையுங்கள். பலம் தேவையில்லாதது அது, ஐந்து வயதுப் பிள்ளை அப்பாவை வென்றுவிடும்.

சாக்லேட் முட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் முதல் சாக்லேட் முட்டையை ஃப்ரை நிறுவனம் செய்தது 1873இல். கேட்பரி 1875இல் செய்தது. ஏவன்ஹாம் மேட்டில் முட்டை உருளத் தொடங்கி ஆறு வருடம் கழித்துத்தான் சாக்லேட் முட்டையே பிறந்தது. பிள்ளைகளுக்குக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. உருட்டி முடித்த பிறகு பரிசாகக் கொடுங்கள். உள்ளே வெற்றிடமாக இருப்பதால் அது மேட்டில் நொறுங்கி, ஜிகினாத் தாள் புல்லில் சிக்கிக்கொள்கிறது. நாய்களுக்குச் சாக்லேட் விஷம் என்பதும் நினைவிருக்கட்டும். பூங்காவில் மறுநாள் காலை நாய்கள்தான் முதலில் வரும்.

மேடு இல்லாத ஊரில்

அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், சுற்றிலும் சமதளம் என்றால் ஐரோப்பாவின் மற்றப் பக்கங்களைப் பாருங்கள். லிதுவேனியாவில் மரத்தாலோ மரப்பட்டையாலோ செய்த சரிவான ஓடையை வைத்து அதன் வழியே முட்டையை விடுவார்கள். கீழே கிடக்கும் அடுத்தவர் முட்டையில் போய் இடித்தால் அது உங்களுடையது. ரஷ்யாவிலும் இப்படி மரத்தொட்டி உண்டு. ஜெர்மனியின் கிழக்கே லுசாட்டியாவில் வாழும் சோர்பிய மக்கள், தரையிலேயே சரிவாக ஒரு குழியை வெட்டி அதே ஆட்டத்தை ஆடுவார்கள். கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வீட்டில் செய்ய, கெட்டி அட்டைக் குழாயை நெடுக்காக இரண்டாக வெட்டி, ஒரு முனையைத் தூக்கி வையுங்கள். நாற்காலி உயரம் வேண்டாம், வேகம் அதிகமாகிவிடும். நான்கு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் சாய்த்தால் போதும். கீழே ஒரு போர்வையை விரித்து, ஆளுக்கொரு முட்டையை அதன்மேல் பரப்பிவிட்டு ஆரம்பிக்கலாம். மழை வந்தால் நாங்களும் இதைத்தான் செய்கிறோம்.

சமதளத்துக்கு அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: நீண்ட கைப்பிடிக் கரண்டியால் முட்டையைப் புல்லில் தள்ளிக்கொண்டு ஓடும் பந்தயம். வாஷிங்டனில் முன்பு நாடாளுமன்றக் கட்டடத்தின் புல்மேட்டில்தான் பிள்ளைகள் உருட்டிக்கொண்டிருந்தார்கள். புல் பாழாகிறது என்று 1876இல் அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டது. 1877இல் மழை, யாரும் வரவில்லை. 1878இல் பிள்ளைகளுக்காக அதிபர் ரூதர்ஃபோர்ட் ஹேய்ஸ் வெள்ளை மாளிகையின் தோட்டத்தைத் திறந்துவிட்டார். உலகப் போர்க் காலத்திலும் கொரோனாக் காலத்திலும் நின்றது போக, இன்றும் அங்கே நடக்கிறது.

சாப்பிடுவதும் சுத்தம் செய்வதும்

அவித்த முட்டை குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. ஓடு விரிந்து மண்ணில் புரண்ட முட்டையைச் சாப்பிட வேண்டாம். ஆடு மேயும் மேடென்றால் சொல்லவே தேவையில்லை. உருட்டத் தனி முட்டை, சாப்பிடத் தனி முட்டை என்று பிரித்துவிடுங்கள். சாப்பிடும் முட்டைகளைக் குளிர்பையில் வைத்துக் கொண்டுபோய், மேட்டின் மேல் உட்கார்ந்து உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிடுங்கள். குளிரில் அந்த ருசிக்கு ஈடு இல்லை. வீட்டில் மிச்சம் இருப்பதை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை முட்டைக் குழம்பு. வெங்காயச் சாயம், அவிக்கும்போது விட்ட விரிசல் வழியாக உள்ளே போய் வெள்ளைக்கருவிலும் பழுப்புக் கோடு போட்டிருக்கும். குழம்பில் அது தனி அழகு.

உடைந்த முட்டைகளை மேட்டிலேயே விட்டுவிடாதீர்கள். ஓடு மக்க நாளாகும். ஒரு பையில் பொறுக்கி எடுத்து, வீட்டுக்கு வந்து நொறுக்கித் தோட்டத்து உரக்குழியில் போடுங்கள்.

நொறுக்குவதற்கு லங்காஷயரில் இன்னொரு காரணமும் சொல்வார்கள். முழு ஓட்டை விட்டுவைத்தால் சூனியக்காரிகள் அதைப் படகாக்கிக்கொள்வார்களாம். அதைப் பாட்டி சொன்ன நாளிலிருந்து எங்கள் சின்னவள், பையில் போடும் முன் ஒவ்வோர் ஓட்டையும் பூட்ஸ் காலால் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் தருகிறாள்.